நகம் இறங்காத இடம்

மதியம் 1.25.

மாடியில் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்த வாசனையம்மா, வேலை மேசையின் டிராயரை இழுத்தார். மூக்குக்கண்ணாடி இருந்தது. பென்சில் இருந்தது. பஞ்சுச் சுருள் இருந்தது. நோட்டு மட்டும் இல்லை. டிராயரை மூடித் திறந்தார். மறுபடியும் மூடித் திறந்தார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் குரலே வந்தது.

"கேட்டைப் பூட்டு! ஒருத்தரும் வெளியே போகக் கூடாது!"

சமையல்காரர் மழையில் நனைந்தபடி ஓடிப்போய் கேட்டைப் பூட்டி, சாவியை அவர் கையில் கொண்டுவந்து வைத்தார்.

வாசனையம்மா நாற்பது வருஷமாக சென்ட் தயாரிப்பவர். எந்த எண்ணெயில் எத்தனை சொட்டு, எத்தனை நாள் ஊறல், எல்லாம் அந்தச் சிவப்பு அட்டை நோட்டில்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய மூக்கைக் கொண்டுபோய்விட்டது. மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் இப்போது அவருக்கு வித்தியாசம் தெரியாது. இது வெளியே யாருக்கும் தெரியாமல், நோட்டைப் பார்த்துப் பார்த்தே தொழிலை ஓட்டிக்கொண்டிருந்தார். நோட்டு போனால் அவரும் போன மாதிரிதான்.

சாப்பிடப் போகும்போது மணி 12.35. அப்போது நோட்டை டிராயரில் வைத்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் வந்திருந்த அவருடைய அண்ணன் மகன் அதற்கு முன்பே, 12.30க்கே, விடைபெற்றுப் போய்விட்டான். ஆக, நோட்டு காணாமல் போன ஐம்பது நிமிஷத்தில் வீட்டுக்குள் இருந்தவர்கள் நாலே பேர். வாசனையம்மா, சமையல்காரர், சுவர் வேலைக்கு வந்த இரண்டு பெண்கள்.

அந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் வேலையிடத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மூத்தவளுக்கு 'தகடு' என்று பெயர். பட்டித் தகட்டைக் கையில் எடுத்தால் சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இளையவள் 'கலவை'. பூச்சு மாவு, தண்ணீர் பதம் பார்த்துக் கட்டி தட்டாமல் கலக்கிக் கொடுப்பவள். அவள் கலக்க, இவள் பூச, பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒருத்தி சாப்பிடாமல் இன்னொருத்தி சாப்பிட்டதில்லை.

வாசனையம்மாவின் வேலை அறையையும் சரக்கறையையும் பிரித்து ஜிப்சம் பலகையில் புதிதாக ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பக்கத்துக்கு ஐந்து இணைப்பு. நேற்று இணைப்புகளில் டேப் ஒட்டி முதல் பூச்சு. இன்று காலை 9 மணியிலிருந்து 11.30 வரை இரண்டாவது பூச்சு. நாளை மூன்றாவது பூசி, அது காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது.

1.55க்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்தார். உடன் வந்த பெண் காவலர் இரண்டு பெண்களையும் சோதித்தார். பை, சாப்பாட்டுத் தூக்கு, வாளி, மாவு மூட்டை வரைக்கும் அவரும் இன்னொரு காவலரும் கொட்டிப் பார்த்தார்கள். சமையலறையைப் புரட்டினார்கள். நோட்டு கிடைக்கவில்லை.

"இது என்ன டப்பா?"

"காம்பவுண்ட் சார்," என்றாள் தகடு.

"காம்பவுண்டா? அது வெளியே இல்ல இருக்கு?"

"அது காம்பவுண்ட் சுவர் சார். இது சுவருக்குப் பூசுற காம்பவுண்ட்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கலவையை மட்டும் சரக்கறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

2.20.

தகடு வேலை அறையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் பேசுவது சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. உள்ளே வெறும் கூடான சுவர்தானே.

"சாப்பாட்டு நேரத்துல எங்கே இருந்தே?"

"முன் படிக்கட்டுல சார், கூரைக்குக் கீழே. உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒண்ணே கால் வரைக்கும் எழுந்திரிக்கவே இல்லை."

"இன்னொருத்தங்க?"



"அக்கா உள்ளேதான் படுத்திருந்தாங்க சார். அந்த வேலை அறையிலேயே. முதுகு வலின்னாங்க."

தகடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் படுத்தது பின் வராந்தாவில். 'முதுகு வலிக்குதுன்னியே, கொஞ்சம் சாய்ஞ்சுக்கக்கா, நான் எழுப்புறேன்' என்று பாயை விரித்து, தன் சால்வையை மடித்துத் தலைக்கு வைத்தவளே கலவைதான். பாவம், போலீஸ் என்றதும் பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆனா சார், அக்கா அந்த மாதிரி ஆள் கிடையாது. சத்தியமா எடுக்கமாட்டாங்க. மனசுல ஒரு பயம் இருந்துச்சு, வாஸ்தவம்தான். அதுக்காகத் திருடுவாங்களா?"

"என்ன பயம்?"

"ஐயோ, வாயை விட்டுட்டேனே! கண்ணு சார். பார்வை மங்கிட்டே வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, அப்புறம் இந்த வேலையைப் பார்க்க முடியாது. அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை அவங்களுக்கு."

நாலு மாசத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து, பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் தகடு இதைச் சொன்ன ஒரே ஆள் கலவை. 'என் உசுரு போனாலும் வெளியே வராதுக்கா' என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள்.

அடுத்த கேள்விகள் தகட்டுக்கு.

"எங்கே படுத்திருந்தீங்க?"

"பின் வராந்தாவுல."

"யார் பார்த்தா?"

"தூங்குறவளை யார் சார் உட்கார்ந்து பார்ப்பாங்க?"

"உங்க கூட வேலை பார்க்கறவங்களே உள்ளே இருந்தீங்கன்னு சொல்றாங்க. உங்களுக்கு ஆதரவாத்தான் பேசறாங்க. அவங்க எதுக்குப் பொய் சொல்லணும்?"

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் ஏதோ எழுதி அடிக்கோடு போட்டார்.

2.45.

அவள் திரும்பவும் முக்காலிக்கு வந்தபோது சமையல்காரர் எல்லாருக்கும் டீ கொண்டுவந்தார். பயந்த சுபாவம். போலீஸ் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்.

"முதுகு இப்ப தேவலையாம்மா?"

"ம்."

"ஒத்தடம் கொடுத்தா கேட்கும். குண்டாவை நிதானமாத் திருப்பிக் கொடுத்தாப் போதும், அவசரமில்லை."

அவள் தலையை ஆட்டினாள். அவர் சொன்னது எதுவும் அவள் மனசில் ஏறவில்லை. கண்ணைப் பற்றிய பேச்சுதான் உள்ளே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து சரக்கறைப் பக்கம் போனாள். காவலர் தடுக்கவில்லை. காலையில் பூசியது எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அவளுக்கு. இந்த நாலு மாசமாகக் கண்ணால் பார்ப்பதில்லை, விரலால்தான். கட்டைவிரல் நகத்தை இணைப்பின் மேல் லேசாக வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வருவாள். டப்பாவில் வரும் பூச்சு காற்றில் ஈரம் போய்த்தான் காயும். இன்றைக்கோ விடிந்ததிலிருந்து மழை. முதல் இணைப்பில் நகம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் இடுப்பு உயரம் வரை அப்படியே. அதற்குக் கீழே, தரைக்கு ஒரு முழம் மேலே, நகம் சறுக்கியது.

அவள் குந்தி உட்கார்ந்தாள். மறுபடி அழுத்தினாள். கல். ஓரடி நீளத்துக்குக் கல். அதற்குக் கீழே மறுபடியும் வெண்ணெய்.

நிறத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. மேலும் கீழும் ஒரே ஈர வெள்ளை. நல்ல கண் உள்ளவனும் நின்று பார்த்தால் தாண்டிப் போய்விடுவான். ஓரங்களை விரலால் தடவினாள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாதபடி மெலிந்து மெலிந்து பலகையோடு கரைந்திருந்தது. அப்படி ஒரு நேர்த்தி.

அது அவள் பூசியதல்ல.

அவளுக்கு அந்த நிமிஷத்தில் கோபம் வரவில்லை. ஏதாவது உடைந்திருக்கும், என்னை எழுப்ப மனசில்லாமல் தானே அடைத்திருப்பாள் என்றுதான் மனசு முதலில் ஓடியது. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா?

2.55.

கலவை முன் படிக்கட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, இன்னைக்கு மாவு ஏதாவது கலக்கினியா?"

"மாவா? இல்லையே அக்கா. டப்பா பூச்சுதானே இன்னைக்கு. மூட்டைப் பக்கமே நான் போகலை."

"சாப்பாட்டு நேரத்துல எங்கேயாவது பலகை கிலகை பெயர்ந்து, அவசரத்துக்கு நீ ஏதும் அடைச்சியா? அடைச்சிருந்தா சொல்லு. ஒண்ணும் தப்பில்லை."

"நான் எங்கக்கா அடைக்கப் போறேன்? எனக்கு ஏது பூச வரும்? நீ பயப்படாதேக்கா. நான் நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன் உன்னைப் பத்தி."

சொல்லிவிட்டுத் தகட்டின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

தகடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முதுகு, ஒத்தடம், குண்டா. சமையல்காரர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் அவள் காதுக்குள் வந்து விழுந்தது. தோளில் இருந்த தலையை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்தாள். முதலில் சமையலறைக்குப் போய் இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"சார், எல்லாரையும் சரக்கறைக்குக் கூப்பிடுங்க. நோட்டு இந்த வீட்டை விட்டுப் போகலை."

3.20.

அதற்குள் அத்தை போன் செய்ததால் அண்ணன் மகனும் வந்து சேர்ந்திருந்தான். "நான் இருக்கேன்ல அத்தை, கவலைப்படாதீங்க," என்று வாசனையம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். சமையல்காரர் கதவோரம். கலவை சரக்குப் பெட்டிகளின் பக்கம்.

"சார், உங்க நகத்தை இங்கே வைங்க," என்றாள் தகடு.

இன்ஸ்பெக்டர் வைத்தார். பூச்சில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது.

"இப்போ இங்கே."

அழுத்தினார். பள்ளம் விழவில்லை.

"சுவர் காஞ்சிருக்கு. அதுக்கென்ன?"

"காயலை சார், இறுகியிருக்கு. ரெண்டும் வேற வேற. காலையில நான் பூசினது டப்பாவுல வர்றது. இந்த மழைக்கு நாளை மதியம்கூட முழுசாக் காயாது. இது மூட்டையில வர்ற மாவு. தண்ணி பட்டா மழையா வெயிலான்னு பார்க்காது, தானா கல்லாயிடும். முக்கால் மணி நேரத்துல இறுகுற மாவு அது. வெதுவெதுன்னு தண்ணி ஊத்தினா இன்னும் சீக்கிரம். நேத்து இடுக்கு அடைக்கக் கொண்டுவந்தோம், மிச்சம் பின்னாடி கொட்டகையில இருக்கு. பதினொன்றரை மணிக்கு நான் இந்த இணைப்பை முழுக்க டப்பாவுலதான் பூசினேன். அதுக்கப்புறம் யாரோ ஓரடியை மட்டும் வழிச்சு எடுத்துட்டு மாவுல பூசியிருக்காங்க."

"எதுக்கு?"

அவள் கட்டரை எடுத்தாள். இறுகிய இடத்தின் விளிம்பில் நான்கு பக்கமும் கீறினாள். இரண்டு திருகாணி. கழற்றியதும் பலகையில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. பின்னால் துண்டைத் தாங்க ஒரு மரச்சட்டம் வைக்கப்பட்டிருந்தது. அதற்கும் கீழே, சுவரின் வயிற்றுக்குள், பாலிதீன் பையில் சிவப்பு அட்டை நோட்டு.

வாசனையம்மா எழுந்தே விட்டார். பையைப் பிரித்து நோட்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். எதுவும் தெரியாது என்று தெரிந்தும் கொண்டுபோனார்.

"கேட்டைத் தாண்டிக் கொண்டுபோனா மாட்டிக்கும்," என்றாள் தகடு. "சுவருக்குள்ளே போட்டுட்டா வீட்டோட இருக்கும். எல்லாம் அடங்கினப்புறம் வந்து எடுத்துக்கலாம்."

"அப்போ இதைச் செஞ்சது பூச்சு வேலை தெரிஞ்ச ஆள்," என்றார் இன்ஸ்பெக்டர், அவளையே பார்த்து.

"ஆமா சார். தெரியாதவன்னா கைக்குக் கிடைச்ச டப்பாவை அள்ளி அப்பியிருப்பான். அது காயக் காயச் சுருங்கும், சாயங்காலத்துக்குள்ளே வெட்டின கோடு தெரிஞ்சிடும். மாவு சுருங்காது. இந்த இடத்துக்கு மாவுதான் சரின்னு ஒருத்தருக்குத் தோணியிருக்கு. இந்த வீட்டுல அது தோணக்கூடியவங்க ரெண்டு பேர்தான்."

"அக்கா!" கலவையின் குரல் உடைந்து வந்தது. "நீயா அக்கா? நான் உனக்காக எவ்வளவு பேசினேன்! சார், எனக்குக் கலக்கத்தான் தெரியும். பூச வராது. ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. பூசுறது அவங்கதான்."

அறையில் இருந்த எல்லாருடைய பார்வையும் தகட்டின் மேல் திரும்பியது. அவள் கலவையைப் பார்க்கவில்லை. சமையல்காரரைப் பார்த்தாள்.

"ஐயா, என்கிட்ட சொன்னதை சார்கிட்டயும் சொல்லுங்க."

சமையல்காரர் கதவோரத்திலிருந்து முன்னால் வந்தார். "பன்னிரண்டே முக்கால் இருக்கும் சார். அந்தப் பொண்ணு சமையலறைக்கு வந்து வெந்நீர் கேட்டுச்சு. அக்காவுக்கு முதுகு வலி, ஒத்தடம் கொடுக்கணும்னுச்சு. ஒரு சின்ன அலுமினியக் குண்டாவுல ஊத்திக் கொடுத்தேன். அந்தம்மா பின் வராந்தாவுலதான் படுத்திருந்தாங்க, சமையலறை ஜன்னல்லேர்ந்து தெரியும். ஆனா இந்தப் பொண்ணு வராந்தாப் பக்கம் போகலை. கொட்டகைப் பக்கம் போச்சு."

"இதை ஏன்யா அப்பவே சொல்லலை?"

"நோட்டை யார் எடுத்தான்னுதானே கேட்டீங்க. வெந்நீரைப் பத்தி யாரும் கேட்கலையே சார்."

இன்ஸ்பெக்டர் கலவையின் பக்கம் திரும்பினார். "முன் படிக்கட்டுலேர்ந்து எழுந்திரிக்கவே இல்லைன்னியே?"

கலவை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"எனக்கு ஒத்தடம் யாரும் கொடுக்கலை சார்," என்றாள் தகடு. "ஓரடி பூச்சுக்கு ரெண்டு கைப்பிடி மாவு போதும். வாளியில கலக்கினா வாளி காட்டிக் கொடுத்துடும், இறுகினப்புறம் கழுவ முடியாது. அதனால குண்டாவுலேயே கலக்கியிருக்கணும். அது இன்னும் சமையலறைக்குத் திரும்பலை. சோதனை போட்டப்போ நோட்டைத் தேடினீங்க, பாத்திரத்தை யாரும் தேடலை."

பெண் காவலர் கொட்டகைக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். பழைய பலகைத் துண்டுகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்ததாம். குண்டாவின் உள்ளே அடியோடு அடியாக வெள்ளைக் கல் ஒட்டியிருந்தது.

சமையல்காரர், "இதேதான்," என்றார்.

கலவை முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுபோயிருந்தது.

"யாருக்காக?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தாள். அவன் ஓரடி பின்வாங்கினான். அதுவே போதுமாக இருந்தது.

"சொந்தமா சென்ட் கடை வைக்கப்போறாராம், மூணு இடத்துல," என்றாள். "மூணு கடையோட சுவர் வேலையும் எனக்குன்னு சொன்னாரு. என் பேர்ல. வாங்க போங்கன்னு பேசினாரு. இவ்வளவு வருஷத்துல என்னை வேலை தெரிஞ்சவளாப் பார்த்தது அவர் ஒருத்தர்தான்."

"மூக்கு போனது என்னைத் தவிர உனக்கு ஒருத்தனுக்குத்தானேடா தெரியும்," என்றார் வாசனையம்மா, திரும்பிப் பார்க்காமலேயே. "நோட்டு போனா என்னாலே மறுபடி எழுத முடியாதுன்னும் தெரியும்."

அவன் என்னவோ சொல்ல வந்தான். காவலர் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்.

"அவர் சொன்னதைச் செஞ்சே, சரி," என்றாள் தகடு. "என் பேரை எதுக்குடி இழுத்தே? நான் வராந்தாவுல தூங்கினேன்னு சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

கலவை முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பன்னிரண்டு வருஷமா நான் கலக்குறேன். பதம் ஒரு சொட்டுக் கூடினாலும் உன் பூச்சு நிக்காது. யாராவது ஒருத்தர், கலவை நல்லா இருந்துச்சுன்னு சொல்லியிருக்காங்களா? தகடு வேலை, தகடு வேலை, அவ்வளவுதான். உனக்குக் கண்ணு போகப்போகுதுன்னு சொன்னியே, அன்னைக்கு ராத்திரி நான் ஒண்ணு நினைச்சேன். அடுத்து நீ தகட்டை என் கையில கொடுப்பேன்னு. நீ என்ன சொன்னே? 'வேற ஆள் பார்க்கணும்'னே. நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்!"

தகட்டுக்கு அது நினைவிருந்தது. சொன்னதுதான். யோசிக்காமல் சொன்னது.

"கேட்டிருக்கலாமே," என்றாள், மெல்லிய குரலில்.

"நீ ஒருநாளாவது கேட்டியா?"

பெண் காவலர் தோளைத் தொட்டதும் கலவை நடந்தாள். கதவருகே நின்று திரும்பினாள். பெயர்த்து வைத்த பலகைத் துண்டைக் கண்ணால் காட்டினாள்.

"பூச்சு எப்படிக்கா இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். தகட்டுக்கு நாக்கு வரை வந்தது. ஆனால் வேலை விஷயத்தில் அவள் இதுவரை பொய் சொன்னதில்லை.

"என்னோடதை விட நல்லா இருந்துச்சு."

கலவை தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனாள்.

4.40.

இன்ஸ்பெக்டர் வேலை மேசையில் உட்கார்ந்து வாக்குமூலத்தை எழுதினார். வந்த நேரம், பூசிய நேரம், படுத்த இடம், கண்டுபிடித்த விதம், எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசிப் பத்திக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"உங்க மேல எனக்குச் சந்தேகம் இருந்தது. மன்னிச்சுக்கங்க."

"பரவாயில்லை சார். நீங்க யாரோ. உங்களுக்கு என்னைத் தெரியாது."

அவர் தலை குனிந்து காகிதத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு? இங்கே எழுதணும்."

கூடப் பிறக்காத தங்கை என்றுதான் இத்தனை நாள் எல்லாரிடமும் சொல்லிவந்தாள். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், மகளின் பள்ளிக்கூடத்தில், கேட்ட இடத்திலெல்லாம்.

"சொல்லுங்கம்மா."

"கூட வேலை பார்த்தவ," என்றாள் தகடு.

அவர் அப்படியே எழுதினார். அவள் காகிதத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய், அந்த வரியை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.